பதினோரு பெயர்ப்பலகை, ஒரே தள்ளுவண்டி

பாரிவாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, பதினோரு அன்னாசிச் செடிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் லேமினேட் செய்த ஒரு பெயர்ப்பலகை. பாங்காக் தங்கம். கூர்க் ராணி. கண்டிக் குட்டை. திரிபுரா தேன். இப்படியே பதினொன்று. எந்த ஊர், எந்தப் பயணத்தில் கிடைத்தது என்று பலகையின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். மூன்றாம் மாடிக்காரரின் சேகரிப்பு அது. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பெரிய வேலையில் இருப்பவர். எங்கள் மாடித்தோட்ட வாட்ஸப் குழுவுக்கு அவர்தான் தலைவர். மண்வெட்டியைப் பிடித்து அவரை நான் பார்த்ததில்லை. செல்போனைப் பிடித்துக்கொண்டு செடிக்குப் பக்கத்தில் நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விருந்தாளிகளை மாடிக்குக் கூட்டி வருவார். முகப்பேரிலிருந்து மச்சினர் குடும்பம் வரும், ஆபீஸ் நண்பர்கள் வருவார்கள். "எல்லாமே ஹெரிடேஜ் வெரைட்டி. ஜெனடிக் டைவர்சிட்டின்னு ஒண்ணு இருக்கு பாருங்க, நாம காப்பாத்தலைன்னா யாரு காப்பாத்துவா?" என்பார். கத்தரிச் செடிக்கும் தக்காளிச் செடிக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம் பலகை பலகையாகப் படித்துப் பிரமித்துப் போகும். நான் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்பேன். சிரிப்பை அடக்குவதற்காகவே சில சமயம் காய்ந்த துணியை மறுபடி உதறியிருக்கிறேன்.

எனக்கு ஒரு ரகசியம் தெரியும். அதைச் சொன்னவர் எங்கள் வாட்ச்மேன். மூன்று வருஷத்துக்கு முன் மூன்றாம் மாடிக்காரர் வேலை விஷயமாக நான்கு மாதம் அமெரிக்கா போனார். தண்ணீர் ஊற்றச் சொல்லி வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கத்திரி வெயில். வாட்ச்மேன் மறந்துவிட்டார்.

"பதினொண்ணும் காஞ்சி கருவாடு ஆயிட்ச்சி அண்ணாத்தே. அந்தாளு வர்றதுக்கு இன்னும் ரெண்டு வாரம் கீது. நான் இன்னா பண்றது? பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட பைனாப்பிள் வண்டி ஒண்ணு நிக்குது இல்ல, அவன்கிட்ட போய் வெட்டிப் போட்ட கொண்டைய ஒரு சாக்குல அள்ளிகினு வந்தேன். பலகைக்கு ஒண்ணா நட்டுட்டேன்."

"அவரு கண்டுபிடிக்கலையா?"

"இன்னாப்பா சின்னதா கீதேன்னு கேட்டாரு. வெய்யிலு சார், சுருங்கிப் பூட்ச்சின்னேன். ஆமான்னுட்டாரு. நீ அந்தாளாண்ட சொல்லிடாதே, என் வேலை பூடும்."

அன்று மாலையே குழுவில் படம் வந்தது: 'கோடையை வென்ற பதினோரு வீரர்கள்'. கீழே கைதட்டும் பொம்மைகள் நாற்பது. அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடைத்தபோதுகூட அப்படிச் சந்தோஷப்படவில்லை. பேரு பெத்த பேரு, தாக நீலு லேது (பெயர் பெரிய பெயர், குடிக்கத் தண்ணீர் இல்லை) என்று தெலுங்கில் சொல்வார்கள் அல்லவா, அதற்கு எங்கள் மொட்டைமாடியில் ஒரு கண்காட்சியே நடந்துகொண்டிருந்தது. டிக்கெட் இல்லாமல் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு திமிர் என்று கேட்கலாம். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். வாழை, கரும்பு, அன்னாசி. ஒரு நல்ல தாய்ச்செடியின் முளையில் கடுகளவு நறுக்கி, ஜாம் பாட்டில் மாதிரியான பாட்டிலில் ஜெல்லி போட்டு அதில் நட்டு, அது பல்கிப் பெருகப் பெருகப் பிரித்துப் பிரித்து நடுவோம். ஒரு தாய், கணக்கில்லாத பிள்ளைகள். பிள்ளைகள் என்பதுகூடத் தப்பு. எல்லாம் அந்தத் தாயேதான். அன்னாசிக்கு இது புதிதுமல்ல. பாட்டில் வருவதற்கு முன்பும் கொண்டையையோ பக்கக்கன்றையோ ஒடித்து நட்டுத்தான் அன்னாசி வளர்த்தார்கள். கேரளத்தில் மலை மலையாக நிற்கிற அன்னாசித் தோட்டம் முழுக்க, என்றைக்கோ நின்ற ஒரு செடியின் கையும் காலும்தான்.

அன்னாசிக்கு விதையே கிடையாது என்று ஊர் நினைக்கிறது. உண்டு. ஆனால் அன்னாசி தன் ரகத்துப் பூந்தூளைத் தானே ஏற்காது. ஒரே ரகம் ஆயிரம் செடி நின்றாலும் ஒரு விதை பிடிக்காது. வேறொரு ரகம் பக்கத்தில் நின்று, இரண்டும் ஒரே சமயம் பூத்து, நடுவில் தேன்சிட்டோ தேனீயோ போய்வந்தால்தான் பழத்தின் கண்களுக்கு அடியில் விதை வைக்கும். இதைப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். கூடவே என் சுருக்கப் பாடம் ஒன்றும் உண்டு: இலையில் முள் இருந்தால் மொரீஷியஸ், தள்ளுவண்டிப் பழம். முள் இல்லாமல் பழம் பெருத்திருந்தால் க்யூ. முள் இல்லாமல் உள்ளே தங்க நிறமாக இருந்தால் எம்.டி.டூ, ஏற்றுமதிச் சரக்கு. நம் பக்கத்துக்கு இந்த மூன்றும்தான். முடிந்தது கதை.

ஆய்வகத்தில் என் வேலை பாட்டிலோடு முடியாது. பாட்டிலை விட்டு வந்த கன்றுகளை நிழல்வலைக்குக் கீழே தட்டுத்தட்டாக வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்குவோம். அங்கே வாரம் இருமுறை நான் நடப்பேன். ஆயிரத்தில் ஒன்று வேறு மாதிரி இருக்கும். இலை வெளிறியிருக்கும், முள் தப்பி வந்திருக்கும், உயரம் கூடியிருக்கும். அதற்குக் கலவன் என்று பெயர். கலவனைக் கண்டால் பக்கத்தில் ஒரு சிவப்புக் குச்சியைச் செருகிவிட்டுப் போவேன். மாலையில் பெண்கள் வந்து சிவப்புக் குச்சி உள்ளதையெல்லாம் பிடுங்கிக் கூடையில் போடுவார்கள். எது எப்படி இருந்தாலும், வேறாக இருந்தால் அது குற்றம். இருபத்திரண்டு வருஷம் நான் சம்பாதித்த பெயர் அந்தக் கண்ணுக்குத்தான். 'சார் கண்ணுல கலவன் தப்பாது' என்பார்கள். நானும் அதை நம்பினேன்.

இனி தரைத்தள அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து வயதிருக்கும். அவர் வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு இங்கே வீடு வாங்கி வந்தார்கள். பூர்வீகம் சேந்தமங்கலம் பக்கம். கல்யாணமாகி வந்தபோது, கொல்லிமலையில் இருந்த அப்பாவின் தோட்டத்திலிருந்து ஓர் அன்னாசிக் கன்றைக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸின் பின்பக்கம் வைத்திருக்கிறார். அதன் வாரிசுகளை ஐந்து பெயின்ட் வாளியில் வைத்து எங்கள் மொட்டைமாடிக்கும் ஏற்றிவிட்டார். அவற்றுக்குப் பெயருமில்லை, பலகையுமில்லை.

எனக்கு அந்த அம்மா மேலும் பெரிய மரியாதை கிடையாது. மகா கஞ்சம். அந்தச் செடியில் ஒரு பக்கக்கன்று கேட்டால் யாருக்கும் தரமாட்டார். "குடுத்தா நிலைக்காதுங்க" என்று ஒரே பதில். பழமும் தரமாட்டார். உள்ளங்கையளவுதான் இருக்கும், புளிப்பு, அதை ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் வைத்துக்கொள்வார். செடியோ பரட்டைத் தலையாக வழியெல்லாம் முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கும். துணி எடுக்கப் போன என் மனைவியின் புடவை இரண்டு தடவை கிழிந்திருக்கிறது. மூன்றாம் மாடிக்காரர் தன் பதினொன்றைப் படம் பிடிக்கும்போது இந்த வாளிகள் படத்தில் விழாமல் இருக்கக் குனிந்து நெளிந்து தவம் செய்வார். இவரும் அவருமாகச் சேர்ந்து என்னை நன்றாகச் சிரிக்க வைத்தார்கள்.

போன வருஷம் பங்குனியில் மேல்மாடி வீடுகளில் தண்ணீர் கசிந்தது. மொட்டைமாடிக்குப் பூச்சு வேலை செய்ய வேண்டும், பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. அரிய ரகங்கள் மட்டும் இருக்கலாம், சாதாரணச் செடிகள் எல்லாம் போக வேண்டும் என்று மூன்றாம் மாடிக்காரர் தீர்மானம் படித்தார். அரியது எது, சாதாரணம் எது என்று யார் சொல்வது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார்தான் டொமைன் எக்ஸ்பர்ட். சார் சொன்னா ஃபைனல்" என்றார் அவர்.

நான் நினைத்திருந்தால் அன்றைக்கே பதினோரு பலகையையும் பிடுங்கிப் போட்டிருக்கலாம். வாட்ச்மேனுக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. எனக்கு அந்த வேடிக்கை தேவைப்பட்டது. அந்த முட்டாள்தனம் தொடர்ந்து நடக்க வேண்டும், நான் தொடர்ந்து அதை மேலேயிருந்து பார்க்க வேண்டும். அதனால் அவருடைய பதினொன்றையும் சும்மா தாண்டிப் போனேன். இந்த அம்மாவின் வாளிகளுக்கு முன்னால் நின்றேன். எல்லாச் செடியிலும் பச்சைப் பிஞ்சுகள். இலையில் முள். என் பாடம்தான் தயாராக இருக்கிறதே.

"இது மொரீஷியஸ். தள்ளுவண்டிப் பழம். ஊரெல்லாம் கிடைக்கும்" என்றேன்.

அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. "இல்லீங்க தம்பி" என்றார் மெதுவாக. "எங்கண்ணன் மலையில எல்லாத்தையும் எடுத்துப்போட்டுட்டு கேரளாக் கன்னு நட்டுட்டானுங்க. இது அங்கயே இப்ப இல்லீங்க. இங்க இருக்கறதுதான் மிச்சம். நீங்க வேலை பாக்கற எடத்துல ஒரு இலையக் குடுத்து, இது என்னன்னு பாத்துச் சொல்ல முடியுங்களா?"

முடியும். ஓர் இலையை வெட்டி, தெரிந்த இடத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்ல எனக்கு ஒரு கவரும் ஒரு போன் காலும் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்தேன். எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிட்டுச் சொன்னேன்: "இதுக்கெல்லாம் ஆய்வகம் எதுக்கும்மா? இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் பாக்கறேன். என் கண்ணே போதும். உங்களுக்குச் செடி வேணும்னா பூந்தமல்லி வண்டியில ஒரு கொண்டை நானே வாங்கித் தர்றேன். இதே செடிதான். அச்சு அசலா இதேதான்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். "இதேதானுங்களா?" என்று கேட்டார். "இதேதான்" என்றேன். "அப்பச் சரிங்க, படிச்சவங்க சொல்றீங்க" என்று விட்டுவிட்டார். கஞ்சத்தனத்துக்குப் பெயர் போனவர், எவனுக்கும் ஒரு கன்று தராதவர், என் ஒரு வார்த்தையை நம்பி ஐந்து வாளியையும் விட்டுக்கொடுத்தார். அவர் வீட்டு வாசலில் வெயில் படுவது ஒரு சாண் இடம்தான். அதில் ஒரு வாளி வைக்கலாம். அதே செடிதான் திரும்ப வரப்போகிறது என்றால் இந்தப் பரட்டையைத் தூக்கிக்கொண்டு எதற்கு இறங்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

பழக்கதோஷம் பாருங்கள், என் சட்டைப் பையில் சிவப்புக் குச்சிகள் இருந்தன. ஐந்து வாளியிலும் ஒவ்வொன்றைச் செருகினேன். மறுநாள் அந்த அம்மா பச்சைப் பிஞ்சுகளை மட்டும் அறுத்து, கொண்டைகளை ஒடித்து வாளியிலேயே போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனார், ஊறுகாய்க்கு ஆகும் என்று. பிறகு பூச்சு வேலை ஆட்கள் சிவப்புக் குச்சி இருந்ததையெல்லாம் பிடுங்கிப் பழைய தளத்து இடிபாடுகளோடு டிராக்டரில் ஏற்றினார்கள். அந்த வார இறுதியில் கொடுத்த வாக்குப்படி வண்டிக்காரரிடமிருந்து நல்ல கொண்டையாகப் பார்த்து வாங்கி வந்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதன் இலை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"முள்ளு வேற மாதிரி இருக்குதுங்களே தம்பி."

"மண்ணு வேற, தண்ணி வேற. அதனால அப்படித்தான் இருக்கும். ரெண்டு வருஷத்துல சரியாயிடும்" என்றேன். அப்படி எதுவும் சரியாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தடவிப் பார்த்து ரகம் சொல்கிற ஒரு பெண்மணியிடம் நின்று விளக்க எனக்குப் பொறுமையில்லை.

ஆனி மாதம் பாங்காக் தங்கம் பழுத்தது. குழுவில் ஒரு வாரம் முன்பிருந்தே அறிவிப்பு. ஞாயிறு காலை மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, வீடியோ எடுக்க ஓர் ஆளை நிறுத்தி, மூன்றாம் மாடிக்காரர் கத்தியைப் பிடித்தார். அன்னாசியை எப்படி வெட்டுவது என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. வண்டிக்காரர் என்றால் தோலை ஆழமாகச் சீவிக் கண்களைச் சாய்வாகச் செதுக்கி எடுத்துவிடுவார். இவர் உருளைக்கிழங்கு மாதிரி மெல்லத் தோலை மட்டும் சீவிவிட்டு வட்டம் வட்டமாக வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்.

நாலாம் மாடி அம்மா முதலில் நிறுத்தினார். "கல்லு மாதிரி என்னமோ கடிபடுதே."

"மண்ணா இருக்கும். ஆர்கானிக் இல்லையா" என்றார் மூன்றாம் மாடிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். என் வாயிலும் ஒன்று கடிபட்டது. நாக்கால் தள்ளி உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். பழுப்பு நிறம், ஆளிவிதை அளவு, பளபளவென்று கெட்டியாக. அடுத்த துண்டிலும் தோலோரத்தில் வரிசையாக இருந்தன.

அங்கே இருந்த அத்தனை பேரில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது விதை. பதினோரு செடியும் ஒரே வண்டியில் வந்த மொரீஷியஸ். அவை ஒன்றுக்கொன்று விதை வைக்காது. அப்படியானால் தை மாதம் இவை பூத்தபோது பக்கத்தில் வேறொரு ரகம் பூத்திருக்கிறது. பக்கத்தில் பூத்தது பெயின்ட் வாளி ஐந்துதான். அந்த மாதம் தேன்சிட்டு ஒன்று இரண்டுக்கும் நடுவே போய்வந்ததை, துணி காயப்போடும்போது நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் அந்த வாளியில் இருந்தது மொரீஷியஸ் அல்ல. முள் இருந்ததால் க்யூவும் அல்ல, எம்.டி.டூவும் அல்ல. என் சுருக்கப் பாடத்தில் அதற்கு இடமே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்திராத ஒன்று என் கண்ணெதிரே நின்றிருக்கிறது. நான் அதற்குச் சிவப்புக் குச்சி செருகியிருக்கிறேன்.

மூன்றாம் மாடிக்காரர் கேமராவைப் பார்த்து, அரிய ரகங்களைக் காப்பாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் தள்ளுவண்டிக் கொண்டையைப் பாங்காக் தங்கம் என்று நம்பினார். நான் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு செடியைத் தள்ளுவண்டிக் கொண்டை என்று அடித்துச் சொன்னேன். அவருடைய முட்டாள்தனத்தால் ஒரு புல்லும் சாகவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். என் முதுகை எனக்குக் காட்ட, போயும் போயும் அந்த ஆளின் மேஜைதான் கிடைத்தது.

தட்டுகளில் மீந்த தோலோரங்களையெல்லாம் "செடிக்கு உரமாகும்" என்று பொய் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி, இதென்ன எச்சில் தட்டுப் பிச்சை என்று கேட்டாள். கழுவி எடுத்ததில் இருபத்தேழு விதை தேறியது. இடிபாடு எங்கே போனது என்று வாட்ச்மேனைக் கேட்டேன். "அது அப்பவே பள்ளத்துல கொட்டி மேல மண்ணு தள்ளி பிளாட் போட்டாங்க அண்ணாத்தே. இன்னாத்துக்குக் கேக்கறே?" என்றார்.

பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த அம்மாவுக்கும் ரெண்டு வருஷம் கழித்து வண்டிப் பழம் காய்த்ததும் சந்தேகம் வரும், அப்போது மண்ணைச் சொல்லிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். அடுத்தவனைக் கேவலமாக நினைத்தே பழகியவனுக்குத் தன் கேவலத்தைப் பார்க்கக் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது. பதினோராம் நாள் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்தனுப்பினார். யாருக்கும் எதையும் தராதவர். கொண்டை வாங்கிக் கொடுத்ததற்காக என்று சொன்னாராம். என் மனைவி தயிர்ச்சோற்றுக்கு வைத்தாள். அந்த வாசனை அன்னாசிக்கு இருந்து நான் அறிந்ததில்லை. பச்சை மாங்காயும் ஏலக்காயும் கலந்த மாதிரி இருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கீழே போனேன். விதைகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய், நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வண்டிக் கொண்டைகளைப் பற்றியும் சொன்னேன், வாட்ச்மேனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு. எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா வாசலில் இருந்த வாளியைக் காட்டினார்.

"அப்ப இது?"

"இது வண்டிச் செடிதாங்க."

"இதேதான்னு சொன்னீங்களே."

அவர் உள்ளே போய் அண்ணனுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். "அந்தப் புளிப்பு முள்ளா? அது போயி எத்தன வருசம் ஆச்சு! யாரு வாங்கறா அதையெல்லாம்?" என்று அந்தப் பக்கம் சிரிப்பு. அதே சிரிப்பு. கூட்டத்தில் நான் சிரித்தது அப்படித்தான் கேட்டிருக்கும்.

போனை வைத்துவிட்டு விதையைப் பார்த்தார். "இதை நட்டா எங்க செடி வந்துருமா தம்பி?"

ஒரு தடவையாவது உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. "வராதுங்க. விதையில வர்றது பாதிதான் உங்க செடி. பாதி வண்டிச் செடி. அதுவும் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு மாதிரி வரும். கொண்டையில வந்தாத்தான் அதேது. விதையில அதேது வரவே வராது."

"சரிங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு வசவு வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் கதவைச் சாத்தவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை. அந்தச் சரிங்க இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

விதைகளைத் திரும்ப எடுத்துப்போய் ஆய்வகத்தில் ஒரு மூலையில் ஜெல்லியில் போட்டேன். ஒரு மாதம் அசைவில்லை. பிறகு ஒன்றிரண்டாக முளைத்து ஒன்பது நின்றன. இத்தனை வருஷத்தில் என் அலமாரியில் ஒன்று போல் இல்லாத பாட்டில்கள் நின்றது அதுதான் முதல் தடவை. ஒன்று குட்டையாக, ஒன்று நெடுநெடுவென்று. ஒன்றின் இலை நடுவில் கருஞ்சிவப்புக் கோடு, ஒன்றில் கோடே இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "என்ன சார் இது, உங்க அலமாரியிலயே ஒன்பதும் கலவன்? எடுத்துப் போடச் சொல்லுங்க" என்றார். என் சொந்தக் குரலையே கேட்டது போல இருந்தது. "அது இருக்கட்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும்.

இந்த மாசியில் ஒன்பதும் விரல் நீளத்துக்கு மேல் வந்தன. முள் நன்றாகத் தெரிந்தது. நிழல்வலைக்கு அடியில் பழக்கிய பிறகு, ஒன்பது பிளாஸ்டிக் கப்பில் மாற்றி ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, திருமழிசையிலிருந்து பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டி வந்தேன். கேட்டுக்குள் நுழையும்போது மூன்றாம் மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன வெரைட்டி சார்?" என்றார். "பேர் இல்லை" என்றேன். சுவாரசியம் போய்விட்டது அவருக்கு.

அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்து பெட்டியை மடியருகே இழுத்துக்கொண்டார். முதல் கப்பை எடுத்தார். இலையின் ஓரத்தை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவினார், அன்றைக்குக் கொண்டையைத் தடவிய மாதிரியே. "இதில்லீங்க" என்று கீழே வைத்தார். இரண்டாவதை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து நடுக்கோட்டைப் பார்த்தார். "இதில்லீங்க." மூன்றாவது. நான்காவது. அப்படித்தான் ஆகும் என்று அவருக்கு நானே சொல்லியிருந்தேன், அவரும் கேட்டிருந்தார். ஆனாலும் ஒன்றையும் விடாமல் தடவினார். ஆறாவது கப்பில் மட்டும் விரல் இரண்டு தடவை போய்வந்தது. முகர்ந்துகூடப் பார்த்தார், அந்த வயதுச் செடியில் என்ன வாசனை இருக்கும். பிறகு அதையும் வைத்தார். ஒன்பதாவதுக்கு வரும்போது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை.

ஒன்பதையும் மறுபடி பெட்டியில் அடுக்கினார். திருப்பித் தரப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. வாசலில் இருந்த வண்டிச் செடியின் வாளியை ஒரு காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, வெயில் படும் ஒரு சாண் இடத்தில் பெட்டியை வைத்தார்.

"ஒம்பதும் இருக்கட்டுங்க" என்றார்.

"வளர்ந்து காய்க்கறப்ப நான் வந்து பாக்கறேங்க. எது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மொட்டைமாடியில் துணி உதறிக்கொண்டு மூன்றாம் மாடிக்காரரை நான் எந்தப் பார்வை பார்த்தேனோ, அதே பார்வை.

"வாங்க. வந்து பாருங்க. எது நல்லதுன்னு மட்டும் நீங்க சொல்லீராதீங்க தம்பி" என்றார்.